எல்லாத்துக்கும் கேக்கும்

மூக்கு முடி பிடுங்கியதற்காகத் தில்லைநகர் வரை போய் டாக்டருக்குப் பீஸ் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது வதந்தி அல்ல. அந்த மனிதர் நான்தான்.

மைத்துனன் மகளுக்குக் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்னால், போன வருஷத்துக் கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, இந்தப் போட்டோவைப் பாருங்க. உங்க மூக்குலேருந்து தென்னந்துடைப்பம் எட்டிப் பார்க்குது" என்றாள். பார்த்தேன். துடைப்பம் என்பது மிகை. ஆனாலும் ஏழெட்டு ஈர்க்குச்சிகள் இருந்தன.

முப்பத்தைந்து வருடம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்தவன் நான். குறை என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அதற்கு நிவர்த்தி அறிக்கை அனுப்பாமல் தூக்கம் வராது. அலமாரியில் தபால்தலை சேகரித்த காலத்து இடுக்கி ஒன்று இருபது வருடமாகச் சும்மா கிடந்தது. அதை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து (இதைப் பிற்பாடு டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்), கண்ணாடி முன்னால் நின்று ஒன்றொன்றாகப் பிடுங்கினேன். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தும்மல், ஒரு சொட்டுக் கண்ணீர். கணக்கு சரியாக இருந்தது.

மறுநாள் காலை இடது மூக்கு உள்ளே சுருக்கென்றது. அதற்கு அடுத்த நாள் சிவந்தது. மூன்றாம் நாள் என் மூக்கு என் முகத்தைச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. பழுத்த கோவைப்பழத்தை யாரோ ஒட்டவைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மூக்கும் முழியுமாக இருக்கிறான் என்று சின்ன வயதில் என்னைச் சொல்வார்கள். இப்போது முழி பின்வாங்கிக்கொள்ள, மூக்கு மட்டும் இருந்தது. பால் வாங்கப் போனால் பால்காரர் பார்த்தார். நடைக்குப் போனால் நாய் பார்த்தது. எதிர்வீட்டு மாமி, "மாம்பழம் ஜாஸ்தி சாப்பிட்டேளா? உஷ்ணம். மஞ்சள் அரைச்சுப் போடுங்கோ" என்றார். மஞ்சள் மூக்கோடு காவிரிப் பாலத்தைக் கடக்க எனக்குத் தைரியமில்லை.

தவிரவும், என்னிடம் டப்பா இருந்தது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் எங்கள் வீட்டின் கால் நூற்றாண்டு ஆயின்மென்ட் வரலாறு இருக்கிறது. எங்கள் வீட்டில் டியூப் தீர்வதில்லை. முதலில் வாலிலிருந்து சுருட்டுவோம். சுருட்டியும் வரவில்லையென்றால் சப்பாத்திக் கட்டையால் தேய்ப்போம். அதற்கும் மசியவில்லையென்றால் கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் வழிப்போம். அதற்குப் பிறகும் தூக்கிப் போடுவதில்லை. ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று டப்பாவில் வைப்போம். ஊறுகாய் ஜாடிக்கும் மருந்து டப்பாவுக்கும் என் மனதில் வித்தியாசமே இருந்ததில்லை. இரண்டும் நாள்பட நாள்படத்தான் நன்றாயிருக்கும் என்று நம்பினேன். தெருவில் யாருக்கு என்ன புண் என்றாலும் என் திண்ணைக்குத்தான் வருவார்கள். வாங்கிப் போய்த் தடவிக்கொண்டு, மறக்காமல் திருப்பியும் தருவார்கள். அந்த நாணயத்தை மெச்சினேனே தவிர, அவர்கள் புண்ணில் வாயைத் தேய்த்த டியூப் மறுபடி என் டப்பாவுக்குள் வந்து படுப்பதைப் பற்றி யோசித்ததில்லை.

டப்பாவில் கையை விட்டேன். கையில் அகப்பட்டது, இரண்டு வருடம் முன் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தபோது மருந்துக் கடையில் வாங்கியது. அன்று கடையில் இருந்த பையனிடம், "தம்பி, இது எதுக்குக் கேக்கும்?" என்றேன். "எல்லாத்துக்கும் கேக்கும் சார்" என்றான். எல்லாவற்றுக்கும் கேட்கும் ஒரு பொருள் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறபோது, எதற்கு என்று மேற்கொண்டு விசாரிப்பது அநாகரிகம். அந்தப் படர்தாமரை முதலில் மறைந்து, பிறகு வட்டம் விட்டு வட்டம் விட்டுத் தாலுகா அளவுக்குப் பரவியது வேறு கதை. அதற்குக் களிம்பைக் குறை சொல்லவில்லை. வேட்டியைக் குறை சொன்னேன்.

அதையே மூக்கில் பூசினேன். அற்புதம்! ஒரே நாளில் சிவப்பு வடிந்தது. மறுநாள் வலியும் குறைந்தது. "பார்த்தியா? தில்லைநகர் போயிருந்தா ஐந்நூறு ரூபாய்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் பதில் சொல்லாத சந்தர்ப்பங்களெல்லாம் பிற்பாடு எனக்குச் செலவு வைத்திருக்கின்றன.

நாலாம் நாள் மூக்கு மறுபடி சிவந்தது. இந்தத் தடவை உள்ளே சீழ்க் கொப்புளம், வெளியே தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு. நான் என்ன செய்தேன்? இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் பிதுக்கினேன். பிறகு, இந்த மருந்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்து, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்தேன். அது நியோமைசின் சேர்ந்த களிம்பு. சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு முதல் செருப்புக் கடி வரை நான் ஆயுள் முழுக்கப் பூசிவந்தது. தாய்ப்பாலுக்கு அடுத்து என் உடம்பு அறிந்த பொருள் அதுதான் என்று சொல்லலாம். அதைப் பூசிய இரண்டாம் நாள் அரிக்க ஆரம்பித்தது. அரிக்கிறதே, புண் அதிகமாகிறது போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பூசினேன். அரிப்பு அதிகமாயிற்று. இன்னும் பூசினேன். மேலுதடு முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, எனக்கு வாலிபத்தில் ஒழுங்காக முளைக்காத மீசை அறுபத்தொரு வயதில் சிவப்பு நிறத்தில் முளைத்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மைத்துனன் போனில், "அத்தான், நீங்கதான் வாசல்ல நின்னு சம்பந்தி வீட்டாரை வரவேற்கணும்" என்றான். பக்கத்தில் நின்ற என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டாள். டப்பாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாட்சி.

தோல் டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு என் மூக்கினுள் பார்த்தார். "பிதுக்கினீங்களா சார்?" என்றார். "லேசாக" என்றேன். "ரெண்டு கையாலயும்" என்றாள் மனைவி.

டாக்டர் என் இரண்டு புருவத்துக்கு நடுவிலிருந்து உதட்டின் இரு ஓரம் வரை காற்றில் ஒரு முக்கோணம் வரைந்தார். இந்தப் பகுதியின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போய், மூளையை ஒட்டிய ரத்தப் பைகளோடு சேருகின்றனவாம். இங்கே இருக்கும் கட்டியைப் பிதுக்கினால் விஷம் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து. "காய்ச்சல், பலமான தலைவலி, கண் வீக்கம், பார்வை ரெட்டையா தெரியறது, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்றார். தபால்தலை இடுக்கியால் மூளை வரை போய்விட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்தபோது எனக்குத் தலைவலி வந்தது. நல்லவேளை, அது பயத்தினால் வந்தது.

பிறகு டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். நான் வேலையில் இருந்தபோது சங்கச் செயலாளர்கள் முன்னால் வவுச்சர்களை இப்படித்தான் அடுக்குவேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மொத்தம் பதினொரு டியூப். அதில் எட்டு காலாவதி. ஒன்றின் மேல் எழுத்தே இல்லை. ஒன்று களிம்பே அல்ல, ஷேவிங் கிரீம்.

எல்லாத்துக்கும் கேட்கும் களிம்பை டாக்டர் தனியாகத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று சரக்கு: ஒரு ஸ்டீராய்டு, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு பூஞ்சை மருந்து. கதம்ப சாதம். சிவப்பும் வீக்கமும் கிருமி செய்கிற வேலையில்லை, கிருமியோடு சண்டை போட நம் உடம்பு அனுப்புகிற படை செய்கிற ஆரவாரம். ஸ்டீராய்டு அந்தப் படையைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும். சத்தம் அடங்கியதும் நாம் சண்டை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே கிருமி பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். என் படர்தாமரை தாலுகாவான ரகசியமும் அதுதான். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-லேயே மத்திய அரசு டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டதாம். எனக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

அடுத்தது நியோமைசின். "இது உங்களுக்கு ஒத்துக்கல சார். இந்த மீசை அதனால வந்ததுதான்." நான் நம்பவில்லை. ஆயுள் முழுக்கப் போட்டுவந்ததாயிற்றே! "ஆயுள் முழுக்கப் போட்டதாலதான்" என்றார். திரும்பத் திரும்பத் தடவத் தடவ, உடம்பு அந்த மருந்தை ஒரு நாள் எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறதாம். அப்புறம் அதைக் கண்டாலே அரிப்பு, கொப்புளம். புண் முற்றுகிறது என்று நினைத்து மேலும் பூசுவதுதான் எல்லாரும் செய்வது என்று ஆறுதல் சொன்னார். 1949-ல் வாக்ஸ்மனும் லெசெவலியரும் கண்டுபிடித்த இந்த மருந்துக்கு, அமெரிக்கத் தொடுஒவ்வாமைச் சங்கம் 2010-ல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. நம்மூரில் கலைமாமணி கொடுப்பது போல அங்கே இதற்கும் வருடத்துக்கு ஒரு பட்டம் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. பெயரை ஒரு சீட்டில் எழுதி, எப்போதும் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஃப்ராமைசிடினையும் சேர்த்து எழுதினார். அது நியோமைசினின் உடன்பிறப்பாம்.

"இந்தக் கிருமி எங்கேருந்து வந்தது டாக்டர்? அந்த இடுக்கியிலேருந்தா?" என்று கேட்டேன். வெளியார் மேல் பழி போட ஒரு கடைசி முயற்சி.

"உங்க மூக்குலேயே இருந்திருக்கும் சார்" என்றார். பத்துப் பேரைப் பிடித்தால் சுமார் மூன்று பேர் மூக்கில் இது சாதுவாகக் குடியிருக்குமாம். முடியைப் பிடுங்கியதும் வேர்க்குழியில் கதவு திறக்கிறது. உள்ளே நுழைந்து கலாட்டா செய்கிறது. அட்வான்ஸ் கொடுக்காமல், வாடகை ஒப்பந்தமில்லாமல், என் சொந்த மூக்கில் ஒரு குடித்தனம்! 1880 வாக்கில் அபர்டீன் நகரத்தில் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, திராட்சைக் கொத்துப் போலக் கிடந்ததால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1884-ல் ரோசன்பாக் என்பவர், வளர்த்துப் பார்த்தபோது பொன்னிறமாக இருந்ததால் 'ஆரியஸ்' என்று சேர்த்தார். தங்கம் என்று அர்த்தம். திரும்பும்போது ஆட்டோவில் மனைவியிடம், "என் மூக்கில் தங்கம் இருக்கு, தெரியுமா?" என்றேன். தன் மூக்குத்தியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும் முன் டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "இதுக்கு முன்னாடி கட்டி வந்திருக்கா?" அக்குளில் ஒன்று, பிடரியில் ஒன்று, சொல்லக்கூடாத இடத்தில் ஒன்று, எல்லாம் ஒரே வருடத்தில். எல்லாவற்றையும் உஷ்ணத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். "வெறும் வயித்துல சுகர் பார்த்துட்டு வாங்க" என்றார். பார்த்தேன். 168. சர்க்கரை கூடினால் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றனவாம். மூக்கில் ஆரம்பித்து என் டிகிரி காபியில் வந்து முடிந்தது விஷயம். அன்றிலிருந்து நான் குடிக்கிற திரவத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். அழாமல் எழுத முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

சீட்டில் எழுதியிருந்தது முபிரோசின். அதிலும் மூக்குக்கென்றே தனியாக வருவது. தோலில் போடுகிற முபிரோசின் ஆயின்மென்டின் அடிப்பசை மூக்கின் உள்தோலுக்கு எரிச்சல் தருமாம். அதனால் இரண்டும் வேறு வேறு. முதல்முறையாக, வவுச்சர் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு மருந்தின் காகிதத்தைப் படித்தேன். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து மேஜையை மூடியது. அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. புடவைக்குக் கரை போல அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். டாக்டரைக் கேட்காமல் தொடாதே என்பதற்கான கோடாம் அது. 2016-ல் அரசு பிரசாரமே செய்திருக்கிறது.

இந்த மருந்தின் பிறப்பு வளர்ப்பை, பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பார்மசி படித்தவள். இத்தனை நாள் நான் அவளை எதற்கும் கேட்டதில்லை. முபிரோசினைச் செய்வதே ஒரு பாக்டீரியாதான். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ், தன் அண்டை அயலாரை ஒழிக்கத் தயாரிக்கிற சரக்கு. 1971-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வேலை செய்கிற விதம் சமையல்காரருக்குப் புரியும். கிருமி புரதம் சமைக்க வேண்டுமென்றால் இருபது வகை அமினோ அமிலம் வேண்டும். அதில் ஐசோலூசின் என்பதை எடுத்துக் கொடுக்கிற நொதியின் கையை இது பிடித்துக்கொள்கிறது. பருப்பு இருக்கிறது, காய் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, புளி எடுத்துக் கொடுக்கிறவனை மட்டும் காணோம். சாம்பார் நடக்காது. மனிதனின் அதே நொதியை இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதால் நமக்குச் சேதமில்லை. "வேற எந்த மருந்து ஜாதியோடும் இதுக்கு உறவில்லப்பா. அதனால மத்த மருந்துக்குப் பழகின கிருமிகூட இதுக்கு மாட்டும். ஆனா நீங்க டப்பால வெச்சு வருஷம் பூரா அங்கங்கே தடவினீங்கன்னா, இதுக்கும் பழகிடும்" என்றாள். டப்பாவின் புகழ் பெங்களூர் வரை எட்டியிருந்தது.

அப்புறம் அந்த ஐந்து நாள். தீக்குச்சித் தலையளவு, காலையும் மாலையும், இரண்டு மூக்கிலும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெளியே இருக்கிற பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். பொருக்கின் மேலேயே பூசினால் பூட்டிய கதவுக்குச் சாம்பிராணி காட்டுவது போல. டியூபின் வாய் புண்ணில் படக்கூடாது. பூசியபின் மூக்கை மெல்லப் பிடித்து அமுக்கி, உள்ளே பரவச் செய்ய வேண்டும். மறுபடி கையைக் கழுவ வேண்டும். என் துண்டு யாருக்கும் கிடையாது. யார் துண்டும் எனக்குக் கிடையாது.

இதில் எனக்குப் பிரச்னை தீக்குச்சித் தலைதான். மூன்று கிராம் டியூபைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் தணிக்கையாளர் விழித்துக்கொள்வார். கடுகளவு போதாதா என்பார். முதல் நாள் கடுகளவுதான் போட்டேன். மனைவி பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கொண்டுவந்து வைத்தாள், ஒப்பிட்டுப் பார்க்க. பென்சிலினுக்கு நோபல் பரிசு வாங்கிய ஃப்ளெமிங் 1945-லேயே மேடையில் எச்சரித்தாராம்: மருந்தைக் குறைவாக எடுத்துக்கொள்கிறவன் கிருமியைக் கொல்வதில்லை, பழக்குகிறான் என்ற அர்த்தத்தில். ஸ்ரீரங்கத்தில் ஒருத்தன் கடுகளவு போடுவான் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் வலி போய்விட்டது. "போதுமே, மிச்சத்தை வெச்சுக்கலாமே" என்றேன். மனைவி தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை பெட்டியோடு.

இதற்கு நடுவில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வாசலில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சம்பந்தி வீட்டாரை வரவேற்றேன். சாக்கடை நாற்றமோ என்று அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஆல்பம் வந்தபோது போட்டோக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் என் மூக்கைச் சரிசெய்திருந்தார். சிவப்பைத் துடைத்த கையோடு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் அங்க அடையாளமாக எழுதியிருக்கும் இடது மூக்கு மச்சத்தையும் துடைத்துவிட்டார். படத்தில் நிற்பது யாரென்று சட்டப்படி நிரூபிக்க முடியாது.

ஆறாம் நாள் காலை. மூக்கு மூக்கின் அளவில் இருந்தது. டியூபில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மிச்சம் வைக்கக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது, அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைக்கக்கூடாது. அடுத்த தடவை வருவது இதே கிருமிதான் என்று என்ன நிச்சயம்? வாலைச் சுருட்டாத, வயிற்றைக் கிழிக்காத, முழு ஆரோக்கியமான டியூப். டப்பாவில் இருந்த பதினொன்றோடு பன்னிரண்டாவதாக அதையும் ஒரு காகிதப் பையில் போட்டு, மேலே 'மருந்து' என்று எழுதி, அபாயக் குப்பை என்று தனியாக வாசலுக்குக் கொண்டுபோனேன். கை நடுங்கியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

குப்பை வண்டி வந்தது. தூய்மைப் பணியாளர் அம்மா பையை வாங்கியவர், எடை பார்ப்பது போல ஆட்டினார். பிரித்தார். மேலே கிடந்த புது டியூபை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஐயா, பாதிக்கு மேல இருக்கே. இதையா போடுறீங்க?"

சொன்னேன். கிருமி, தீக்குச்சி, சிவப்புக் கோடு, ஃப்ளெமிங், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. டியூபை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதெல்லாம் சரிங்கய்யா. எல்லாத்துக்கும் கேக்குமா?"

வீட்டுக்குள் என் மனைவி கத்தரிக்கோல் தேடும் சத்தம் கேட்டது.